பதத்தை ஒரு புள்ளி ஏற்று

அண்ணி மீன் சாப்பிடமாட்டார். கவிச்சி ஒத்துக்கொள்ளாது என்பார். ஆனால் எங்கள் சமையலறை ஜன்னல் விளிம்பில் மீன் தீவனம் ஊறாத நாள் கிடையாது. ஐந்து கண்ணாடி டம்ளர், ஒவ்வொன்றிலும் பத்து உருண்டை, பக்கத்தில் வார் அறுந்த ஒரு கைக்கடிகாரம். வேலை முடிந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் முதலில் அங்கேதான் போவார்.

"வீட்டுல ஒரு மீன்கூட இல்ல. தீனிக்கு மட்டும் குறைச்சலே இல்ல" என்பார் அம்மா.

"மீனை நான் வாங்கிட்டு வரேன் அத்தை. சமைக்கிறது நீங்க."

"அந்த டம்ளர் இருக்குற சமையல்கட்டுலயா? ஆளை விடும்மா."

அண்ணி மீன் தீவன ஆலையில் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. பத்தாவது வரை படித்தவர். முதல் ஐந்து வருஷம் மூட்டை தைக்கும் வேலை. நிறைந்த மூட்டையின் வாயைக் கைத் தையல் மெஷினால் தைத்து அடுத்த ஆளிடம் தள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அண்ணியின் காது சும்மா இருக்கவில்லை. நல்ல தீவனம் சாக்குக்குள் சரசரவென்று விழும். உடைந்து தூளானது அதிகம் கலந்திருந்தால் சத்தம் மந்தமாகிவிடும். ஒருநாள் மேற்பார்வையாளரிடம் போய், இன்றைக்குத் தூள் அதிகம் என்று சொல்லியிருக்கிறார்.

"உனக்கெதுக்கும்மா அது? போய் வாயைத் தை."

"எந்த வாயைன்னு சொல்லுங்க சார்."

இந்தப் பதில் ஆலை முழுக்கப் பரவியது. கோபித்துக்கொண்ட அதே ஆள்தான், தொல்லை தீரட்டும் என்று அடுத்த மாதம் அவரைத் தீவனம் அமுக்கும் மெஷினுக்கு அனுப்பினார். அங்கே மூன்று வருஷம். அந்த மெஷின் மாவை நீராவியில் லேசாக நனைத்து, ஓட்டைகள் உள்ள தட்டு வழியாக அமுக்கித் தள்ளும். வருவது கெட்டியாக, கனமாக இருக்கும். தண்ணீரில் போட்டால் நேரே அடியில் போய் உட்காரும். குளத்தின் அடியில் மேயும் இறாலுக்கு அது சரி. மேலே வந்து வாய் வைக்கும் மீனுக்கு அது உதவாது.

மேல்மட்டத்து மீனுக்கு மிதக்கும் தீவனம் வேண்டும். அதற்கு வேறு மெஷின்: எக்ஸ்ட்ரூடர். அண்ணி அதைப் 'பெரியது' என்றுதான் சொல்வார். நீராவியில் வெந்த மாவு ஒரு நீண்ட இரும்புக் குழாய்க்குள் போகும். உள்ளே சுழலும் திருகு அதைப் பிசைந்து, நசுக்கி, கொதிநிலையைத் தாண்டிய சூட்டில் கடைசித் தட்டுக்குக் கொண்டுவரும். ஓட்டையை விட்டு வெளியே வந்த கணமே அழுத்தம் விட்டுப்போய், உள்ளே அடங்கியிருந்த தண்ணீர் ஆவியாகிப் பாயும். அது போன வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள் ஆகும். அந்த அறைகளில் தங்கும் காற்றுதான் தீவனத்தை மிதக்க வைக்கிறது. சேரும் பொருள் ஒன்றாகவே இருந்தாலும், செய்கிற விதம் மாறினால் ஒன்று மூழ்கும், ஒன்று மிதக்கும்.

மூன்று வருஷமாகப் பெரியதை ஓட்டுவது அண்ணி. மூட்டைப் பிரிவிலிருந்து அந்த மெஷினுக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். என் அண்ணன் ஓட்டும் பள்ளிக்கூட வேனைவிட அது பெரிய வண்டி என்று வீட்டில் பேச்சு. அண்ணனே பெருமையாகச் சொல்வதுதான்.

அந்த மெஷினை விட்டு இறங்க வேண்டிய நிலை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்று காலை ஒரு மீன்குளத்துக்காரி பிளாஸ்டிக் வாளியோடு ஆலைக்கு வந்தார். குளத்தக்கா என்று எல்லோரும் சொல்வார்கள். நேராக மேலாளரின் அறைக்குப் போய், வாளியை அவர் மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். உள்ளே கறுத்த சேறு. சேற்றில் ஊதிப்போன தீவனம்.

"இது உங்க தீனி. குளத்துக்கு அடியில இருந்து வாரிட்டு வந்தேன். எல்லாம் முழுகுது. அழுகி, தண்ணி கெட்டு, விடிகாலையில மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குது. என் மீன் மேல வந்துதான் தின்னும் சார். அடியில போய்த் தேடாது. நான் என்ன, ஒவ்வொண்ணுக்கும் ஒரு டார்ச் வாங்கிக் குடுக்கவா?"

மேலாளர் வேறு ஆலையிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மஞ்சள் பாதுகாப்புத் தொப்பியை டீ குடிக்கும்போதும் கழற்றமாட்டார் என்பதால் அவருக்குத் தொப்பி என்று பெயர். குளத்தக்காவைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு அண்ணியைக் கூப்பிட்டார். சனிக்கிழமை புதிய சரக்கு குளத்துக்குப் போகும், தானே கூடப் போவேன், அதுவும் மூழ்கினால் பெரிய மெஷினுக்கு வெளியிலிருந்து ஆள் வருவார், அண்ணி மறுபடியும் மூட்டை தைக்கப் போகலாம் என்றார்.

"மெஷின் அதேதான், சேர்க்குற பொருளும் அதேதான். அப்புறம் கையிலதானம்மா கோளாறு?"

அண்ணி வாளிக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் எங்கள் சமையலறையில் டம்ளர் போதவில்லை. அண்ணியிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு நாளும் ஓட்டும் தீவனத்தில் மணிக்கு ஒரு பிடி எடுத்து, காலி மாத்திரைப் புட்டியில் போட்டு, தேதியும் நேரமும் எழுதி வைப்பார். எங்கள் பீரோவில் சேலைக்கு இருக்கிற இடத்தைவிட அந்தப் புட்டிகளுக்கு இடம் அதிகம். போன மாதத்துப் புட்டியிலிருந்து போட்டது ஒரு மணி நேரம் கழித்தும் மிதந்தது. குளத்தக்கா திருப்பிய சரக்கு ஓடிய நாளின் புட்டியிலிருந்து போட்டது இரண்டு நிமிஷத்தில் இறங்கியது. பாதி, இறங்கும்போதே பிளந்தது.

அண்ணி சவர பிளேடால் இரண்டையும் நடுவில் அறுத்தார். பழையது உள்ளே ரொட்டி மாதிரி ஒரே சீராக இருந்தது. புதியதில் வேகாத வெள்ளைப் பொட்டுகள். ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் ஒரு விரிசல்.

"அந்த மெஷின் புத்தகத்தைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்று தன் செல்போனை என்னிடம் நீட்டினார். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்திருந்தார். அது நான் பள்ளியில் படித்த இன்னொரு மொழியில் இருந்தது.

"முழுகினா என்னென்ன பாக்கணும்னு போட்டிருக்கு அண்ணி. முதல்ல மாவோட பருமன். பெருசா இருந்தா உள்ள வேகாது, சரியா ஊதாது, விரிசல் விடும். அடுத்து மாவோட ஈரம். கூடிப்போனா ஊதாம கனமாயிடும்."

"ரெண்டுக்கும் பதம்னுதானே போட்டிருக்கு?"

"இல்லையே. வேற வேற வார்த்தை."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன் அண்ணி. ஒண்ணு பருமன், ஒண்ணு ஈரம். ரெண்டுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல."

அண்ணி பிளேடைக் கீழே வைத்தார்.

"எங்க பதிவேட்டுல ஒரே ஒரு கட்டம்தான். மேல 'பதம்'னு அச்சடிச்சிருக்கும். அரவையில ஒரு கையெழுத்து, எங்கிட்ட ஒரு கையெழுத்து."

இரண்டு வாரத்துக்கு முன்பு காலைக் கூட்டத்தில் தொப்பி ஒரே ஒரு வரி சொல்லியிருக்கிறார்: "நாளையிலிருந்து பதத்தை ஒரு புள்ளி ஏத்துங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணி மாவில் சேரும் தண்ணீரை ஒரு புள்ளி ஏற்றினார். பதிவேட்டில் எழுதப் போனபோது, அரவை அறையிலிருந்தும் 'பதம் ஏற்றப்பட்டது' என்று கையெழுத்து விழுந்திருந்தது. சரி, அவருக்கும் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்துத் தானும் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

புதன்கிழமை காலை முதல் வேலையாக அண்ணி அரவை அறைக்குப் போனார். அங்கே இருப்பவர் மாவு அண்ணன். பத்தொன்பது வருஷமாக அரவை மெஷின் பக்கத்திலேயே நிற்பதால் அவருக்குக் காது மந்தம். மெஷின் நின்றிருந்தாலும் கத்தித்தான் பேசுவார். அண்ணி குவியலில் இருந்து ஒரு சிட்டிகை மாவை எடுத்து விரலில் தேய்த்தார். நரநரவென்றது.

"அண்ணே, சல்லடையை மாத்தினீங்களா?"

"மாத்தினேனே! தொப்பிதான பதத்தை ஏத்தச் சொன்னாரு! முக்கால் மில்லியை எடுத்துட்டு ஒன்றரை போட்டேன்! நீயும்தான் ஏத்தினேன்னு கையெழுத்துப் போட்டிருக்க!"

"நான் ஏத்தினது தண்ணிண்ணே."

"தண்ணியா? பதம்னா எப்படிம்மா தண்ணி?"

"பின்ன? கையில பிடிச்சா நிக்கணும், தட்டினா உதிரணும். அதானே பதம்?"

"விரல்ல உருட்டிப் பாக்குறதுதான் பதம்! பத்தொம்பது வருஷமா அரவைதான்மா பதம்!"

"மூணு வருஷமா எனக்கு ஈரம்தாண்ணே பதம்."

மாவு அண்ணன் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். ஒரே கட்டத்துக்குள் இரண்டு கையெழுத்தும் ஒட்டிக்கொண்டு நின்றன. அவர் குரல் தணிந்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டதாக அண்ணி சொன்னார்.

"அப்ப தப்பு என்னோடதா?"

"பாதி உங்களோடது, பாதி என்னோடது."

"தொப்பிகிட்ட சொல்லப்போறியா?"

"ரெண்டு பேருமாப் போவோம்ணே. தனியாப் போனா மத்தவரைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

போனார்கள். தொப்பி முழுவதையும் கேட்டார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "நான் சொன்னது ரெண்டையுமே இல்ல. வேக்காட்டைச் சொன்னேன். தீவனம் வழியில உடையுதுன்னு ஒரு புகார் வந்துச்சு. இன்னும் கொஞ்சம் வேகட்டும்னு சூட்டை ஏத்தச் சொன்னேன். எங்க பழைய ஆலையில அதுக்குப் பேருதான் பதம்."

மாவு அண்ணன் சிரித்துவிட்டார். அவர் சிரிப்பும் சத்தம்தான். தொப்பிக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. கிடங்குல எட்டு டன் மாவு அரைச்சு நிக்குது. தண்ணியை மட்டும் பழையபடி வெச்சு ஓட்டிடும்மா. சனிக்கிழமை பத்து டன் போயாகணும்."

"அந்த மாவை ஓட்டமுடியாது சார். திரும்ப அரைக்கணும்."

"சின்னச் சல்லடையில அரைச்சா பாதி வேகம்தான் வரும். நேரம் ஏது? தண்ணிதான் காரணமா இருக்கும். மாவுதான் காரணம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நாளைக்குக் காட்டுறேன் சார்."

வியாழக்கிழமை அண்ணி மூன்று டம்ளர்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அம்மா உடையாமல் கொண்டு வா என்று மட்டும் சொன்னார். அண்ணி டம்ளர்களைத் தொப்பியின் மேசையில் வரிசையாக வைத்துத் தண்ணீர் ஊற்றினார். முதல் டம்ளரில் போன மாதத்துத் தீவனம். மூன்றாவதில் குளத்தக்கா திருப்பியது. நடுவில் போட்டதுதான் முக்கியம். பதம் ஏற்றிய அந்த நாளில் மாவு அண்ணன் சல்லடையை மாற்றியது காலையில். அண்ணி தண்ணீரை ஏற்றியது மத்தியானம். இடையில், பதினொரு மணிக்கு எடுத்த புட்டியில் இருந்தது பருமன் மட்டும் மாறிய தீவனம். தண்ணீர் பழைய அளவில்தான் இருந்தது.

"பத்து நிமிஷம் பாருங்க சார்."

பார்த்தார். நடுவில் போட்ட பத்தில் நான்கு ஓரம் பிளந்து இறங்கியது. இன்னும் இரண்டு, தலைகீழாகத் திரும்பி, இறங்கலாமா வேண்டாமா என்று நின்றது. முதல் டம்ளரில் ஒன்றும் அசையவில்லை.

"தண்ணியை மட்டும் குறைச்சா இப்படித்தான் வரும். பத்துக்கு நாலு. குளத்தக்கா எண்ணிப் பாப்பாங்க."

தொப்பி நடு டம்ளரைத் தூக்கி அதன் அடியைப் பார்த்தார். "நாளைக்குச் சாயங்காலம் லாரி ஏத்தணும். உனக்கு அதுவரைக்கும்தான் நேரம். நான் சொன்னதுல மாத்தமில்ல. முழுகினா இறங்கிடணும்."

"சரி சார்."

வெள்ளிக்கிழமை நடந்ததை மாவு அண்ணன் எனக்கு இரண்டு தடவை சொல்லியிருக்கிறார், இரண்டு தடவையும் கத்தி. எட்டு டன்னையும் சின்னச் சல்லடை வழியாக மறுபடி விடுவதற்குள் மதியம் ஒன்றரை ஆகிவிட்டது. நடுவில் ஒருமுறை சல்லடை அடைத்துக்கொண்டது. அண்ணி அறை வாசலில் நின்று, ஒவ்வொரு தள்ளுவண்டியிலும் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். ஒரு வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

"என்னையே திருப்பி அனுப்புறியா!" என்று மாவு அண்ணன் கேட்டாராம்.

"உங்களை இல்லண்ணே. வண்டியை."

பெரியதைக் கிளப்பியதும் வந்த முதல் தீவனம் மூழ்கியது. இரண்டாம் பிடியும் மூழ்கியது. வேடிக்கை பார்க்க வந்த நான்கு பேர் மெல்ல நகர்ந்துபோனார்கள். அண்ணி மெஷினை நிறுத்தவில்லை. நீராவித் தொட்டியின் மூடியைத் திறந்து ஒரு கை மாவை அள்ளி இறுக்கிப் பிடித்தார். பிடி நின்றது, ஆனால் உள்ளே சூடு போதவில்லை. தொட்டிக்குள் மாவைத் தள்ளும் துடுப்புகளின் வேகத்தைக் குறைத்தார். மாவு நீராவியில் இன்னும் கொஞ்ச நேரம் கிடந்து வெந்தது. குழாயின் கடைசிப் பகுதியில் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறும்வரை அப்படியே நின்றார். அதுவரை வந்ததையெல்லாம் தனியாக ஒதுக்கச் சொன்னார். இருபது நிமிஷத்தில் மெஷினின் சத்தம் மாறியது. கத்தி வெட்டித் தள்ளிய ஒவ்வொரு துண்டும் வெளியே வந்ததும் லேசாகப் புடைத்தது.

பக்கெட்டில் இருபது போட்டார்கள். இருபதும் மிதந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு லாரியில் ஏறியது ஏழரை டன்.

"பத்து சொன்னேன்" என்றார் தொப்பி.

"ஏழரை மிதக்கும் சார். பத்துதான் வேணும்னா, ஒதுக்கி வெச்சதையும் கிடங்குல நிக்குற பழைய தீவனத்தையும் சேர்த்து அனுப்பலாம். அது முழுகும். நீங்களே சொல்லுங்க."

தொப்பி டிரைவருக்குக் கையைக் காட்டினார். லாரி ஏழரையோடு கிளம்பியது.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அண்ணி கூப்பிட, நானும் போனேன். தொப்பி ஏற்கெனவே குளக்கரையில் நின்றுகொண்டிருந்தார். குளத்தக்கா யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. முதல் மூட்டையைப் பிரித்து, ஒரு மக் அள்ளி, தண்ணீரில் வீசினார். தீவனம் பரவி மிதந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரமாக மேலே எதுவும் கிடைக்காத மீன்கள் வர யோசித்தன. அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முதலில் ஒரு மீன் வந்து ஒன்றை இழுத்துக்கொண்டு போனது. அப்புறம் அந்த இடமே கொதிக்கிற மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் எங்கள் கால் வரை தெறித்தது. குளத்தக்கா இன்னொரு மக் வீசினார், இன்னொன்றும் வீசினார். மீன்கள் ஓய்ந்த பிறகும் நாற்பது ஐம்பது உருண்டைகள் மிச்சம் மிதந்தன. அவர் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முப்பது நிமிஷம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் நின்றோம். தண்ணீரில் தூள் கலங்கவில்லை.

கடைசியில் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

"ஒண்ணுகூட இறங்கல. மிச்ச ரெண்டரை டன் எப்ப வரும்?"

"திங்கக்கிழமை ஓட்டிடுறோம்க்கா" என்றார் தொப்பி. பிறகு அண்ணியின் பக்கம் கையைக் காட்டி, "இவங்கதான் ஓட்டுவாங்க" என்றார்.

நான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இதைக் கேட்டதாகவே தெரியவில்லை. தண்ணீர் படாத மூட்டையிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து, நகத்தால் இரண்டாகப் பிளந்து, வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஓரமெல்லாம் நல்லாக் காஞ்சிருக்கு. நடுவுல இன்னும் ஈரம் நிக்குது. காய வைக்கிற மெஷின்ல சூடு ஜாஸ்தி. மேல சட்டுனு இறுகிடுது, உள்ள இருக்குற ஈரம் வெளிய வர வழியில்ல. ஒரு மாசம் மூட்டையில கிடந்தா பூஞ்சை புடிக்கும்."

"அதான் மிதக்குதேம்மா!"

"இன்னைக்கு மிதக்குது. இந்தச் சரக்கை ரெண்டு வாரத்துக்குள்ள போட்டு முடிச்சிடுங்கக்கா. திங்கக்கிழமை சூட்டைக் குறைச்சு, பெல்ட்டை மெதுவா விடணும் சார்."

"மெதுவான்னா? இன்னும் எவ்வளவு குறையும்?"

"ஒரு நாளைக்கு ஒரு டன்."

தொப்பி குளத்தக்காவைப் பார்த்தார். யாராவது தன் பக்கம் பேசமாட்டார்களா என்று பார்த்த மாதிரி இருந்தது. குளத்தக்கா அண்ணியின் கையிலிருந்து பிளந்த பாதியை வாங்கி, தன் கட்டைவிரலால் நடுவை அழுத்திப் பார்த்தார்.

"ஈரம்தான்" என்றார். "மெதுவாவே ஓட்டுங்க சார். இங்க யாரும் பஸ் பிடிக்க வேண்டியதில்ல."